சா/த (சாதாரண தரம்), உ/த (உயர்தரம்) மாணவருக்கான தொழில் வழிகாட்டல் செயலி: முதலில் எதைக் கட்டுவது?

வாவிக்கரை (தொடக்கப் பதிவு)

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் தரம் 10 தொடக்கம் உயர்தரம் முடித்தவர்கள் வரைக்கும் பாவிக்கக்கூடிய தொழில் வழிகாட்டல் செயலி ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறோம். சின்ன நிறுவனம், மூன்று பேர். இப்போதைய திட்டம் இதுதான்: 60 கேள்விகளில் ஒரு ஆர்வச் சோதனை, அதன் முடிவுக்கு ஏற்ற தொழில்களின் பட்டியல், ஒவ்வொரு தொழிலின் கீழும் அதைப் படிக்கக்கூடிய இடங்கள். பட்டிருப்பு வலயத்திலும் கல்முனை வலயத்திலும் சில பாடசாலைகளில் முதலில் ஓட்டிப் பார்க்க எண்ணம். சோதனையில் தொடங்குவது சரியா? வெட்டுப்புள்ளித் தரவை (பல்கலைக்கழகப் பாடநெறிக்கு மாவட்டவாரியாகக் கடைசியாக அனுமதி கிடைத்த புள்ளி) எப்படிச் சேர்ப்பது? படுவான்கரைப் பக்கம் (மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரை) சிக்னல் குறைந்த இடங்களில் என்ன செய்வது? பாடசாலைகளிடம் காசு வாங்காமல் எப்படி நடத்துவது? தெரிந்தவர்கள் விபரமாகச் சொல்லுங்கள்.

வழிகாட்டல்_டீச்சர்

தம்பி, சோதனையைக் கொஞ்சம் பிறகு பார்ப்போம். சா/த எழுதின பிள்ளை வந்து கேட்பது, "இந்த ரிசல்ட்டோட எங்க போகலாம், எப்ப அப்ளிகேஷன் போடணும்?" என்பதுதான். அதற்குப் பதில் சொல்லாத செயலியை இரண்டாம் தரம் திறக்க மாட்டார்கள். ஆகவே முதலில் வாசல்களை எழுதுங்கள். ஒரு தொழிலுக்குள் போக எத்தனை வாசல், ஒவ்வொன்றும் எந்த வயதில், எந்தப் பெறுபேற்றோடு திறக்கிறது, எப்போது மூடுகிறது.

முதல் வாசல் உயர்தரப் பிரிவுத் தெரிவு. ஆகப் பெரிய இழப்பு இங்கேதான் நடக்கிறது. பொறியியலாளராக வர விரும்பும் பிள்ளை பெயரைப் பார்த்துப் பொறியியல் தொழில்நுட்பப் பிரிவை எடுக்கிறது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஊடாகப் பொறியியல் பட்டத்துக்குப் போக இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் வேண்டும். தொழில்நுட்பப் பிரிவிலிருந்து போவது பொறியியல் தொழில்நுட்பவியல் பட்டத்துக்கு. நல்ல பட்டம்தான், ஆனால் வேறு பட்டம். செயலியில் "பொறியியலாளர்" என்ற தொழிலின் அட்டையைத் திறந்ததுமே இந்த இரண்டு பாதையும் பக்கத்தில் பக்கத்தில் தெரிய வேண்டும். மூன்றாவது பாதையையும் போடுங்கள்: என்விகியூ (தேசிய தொழிற்தகைமை) 4ஆம் மட்டம் முடித்து 5, 6 டிப்ளோமா, பிறகு ரத்மலானையில் உள்ள தொழில்நுட்பவியல் தொழிற்கல்விப் பல்கலைக்கழகமான யூனிவொடெக்கில் என்விகியூ 7க்குச் சமமான பட்டம். காலம் எடுக்கும். ஆனால் சா/தவில் கணிதம் தவறின பிள்ளைக்கு அது திறந்திருக்கிற பாதை.

சா/த சித்தியடையாதவர்களுக்கு 13 வருட உத்தரவாதக் கல்வி 2017இலிருந்து நடக்கிறது. தரம் 12க்கு சா/த பெறுபேறு இல்லாமலே சேரலாம், 26 தொழிற்பாடங்கள் இருக்கின்றன, முடிவில் என்விகியூ 4 வரை போகலாம். எல்லாப் பாடசாலையிலும் இல்லை. எந்த வலயத்தில் எந்தப் பாடசாலை, அங்கே எந்தப் பாடம் என்ற பட்டியலை வலயக் கல்வி அலுவலகத்தில்தான் எடுக்க வேண்டும்.

உயர்தரத்துக்குப் பிறகு பல்கலைக்கழகம் ஒரு வாசல். தாழங்குடாவிலும் அட்டாளைச்சேனையிலும் உள்ள கல்வியியற் கல்லூரிகளுக்கு வர்த்தமானி அறிவித்தல் வரும். மட்டக்களப்பு, சம்மாந்துறை, அம்பாறை ஹாடி ஆகிய இடங்களில் எச்என்டி (உயர் தேசிய டிப்ளோமா). தாதியர் பயிற்சிக்கு வேறு அறிவித்தல். மட்டக்களப்பில் திறந்த பல்கலைக்கழகத்தின் பிராந்திய நிலையம். இவை ஒவ்வொன்றுக்கும் தனித் திகதி, தனிப் படிவம். பல்கலைக்கழக முடிவு வரட்டும் என்று காத்திருக்கும்போது மற்ற வாசல்கள் ஒவ்வொன்றாக மூடிவிடும். செயலி செய்யக்கூடிய முதல் உதவி அந்த எச்சரிக்கைதான்.

எண்ணாளன்

டீச்சர் சொன்ன வாசல் ஒவ்வொன்றையும் ஒரு பதிவாக வையுங்கள். நிறுவனம், பாடநெறி, குறைந்தபட்சத் தகைமை, காலம், கட்டணம், விடுதி உண்டா, விண்ணப்பம் திறக்கும் மூடும் திகதி. இவற்றோடு நான்கு புலங்களைக் கட்டாயமாக்குங்கள்: கற்பிக்கும் மொழி, கடைசியாகச் சரிபார்த்த திகதி, சரிபார்த்தவர், மூல அறிவித்தலின் இணைப்பு. அம்பாறை நகரத்தில் நடக்கும் ஒரு பயிற்சி திருக்கோவில் பிள்ளைக்குத் தூரத்தில் கிட்டத்தான். வகுப்பு சிங்களத்தில் என்றால் முதல் கிழமையே நின்றுவிடும். ஆறு மாதத்துக்கு மேல் சரிபார்க்காத பதிவை மங்கலாக்கி, "பழைய விபரம், அலுவலகத்தில் கேட்டு உறுதிப்படுத்தவும்" என்று காட்டுங்கள். பிழையான திகதியைக் காட்டுவதைவிட அது எவ்வளவோ நல்லது.

இனி வெட்டுப்புள்ளி. மானியங்கள் ஆணைக்குழு வெளியிடும் அட்டவணையை பிடிஎஃப்பிலிருந்து எடுக்கும்போது வழக்கமாக நடக்கும் பிழைகள்:

என்கியூசி என்று ஒரு குறி வரும். அந்த மாவட்டத்தில் தகுதியான விண்ணப்பதாரி இல்லை என்று அர்த்தம். நிரல் அதை 0 ஆக மாற்றினால், 0.4 எடுத்த பிள்ளைக்குச் செயலி "உனக்குக் கிடைக்கும்" என்று சொல்லும். அதை வெற்றுப் பெறுமானமாகவே வைத்து, திரையிலும் அப்படியே விளக்குங்கள்.

சில பாடநெறிகளுக்குச் சில மாவட்டங்களில் வெட்டுப்புள்ளி மறைப் பெறுமானமாக இருக்கும். பிடிஎஃப்பில் கழித்தல் குறி பல வடிவத்தில் வரும்: சாதாரண சிறுகோடு, நீண்ட கோடு, உண்மையான கழித்தல் குறி. ஒன்றை மட்டும் பிடிக்கும் நிரல் மற்றவற்றில் குறியை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எடுத்துவிடும். எடுத்த பிறகு ஒவ்வொரு பாடநெறிக்கும் மிகக் குறைந்த பெறுமானங்களைக் கண்ணால் மூலத்தோடு ஒப்பிடுங்கள்.

பாடநெறியும் பல்கலைக்கழகமும் சேர்ந்துதான் ஒரு குறியீடு. பெயரை வைத்துப் பொருத்தினால் ஒரே பெயருள்ள பாடநெறிகள் கலந்துபோகும். குறியீட்டை வைத்துப் பொருத்துங்கள். மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூல் வருடாவருடம் மாறுவதால் வருடத்தையும் சேர்த்தே வையுங்கள்.

தமிழ் அறிவித்தல்கள் சில இன்னும் ஒருங்குறி (யூனிகோட்) அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. பிரதியெடுத்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும். ஒருங்குறிக்கு மாற்றும்போது கொம்பைக் கவனியுங்கள். பாமினியில் கொம்பு மெய்க்கு முன்னால் அடிக்கப்பட்டிருக்கும், ஒருங்குறியில் மெய்க்குப் பின்னால் வர வேண்டும். வரிசை மாற்றாமல் விட்டால் திரையில் கொம்பு வேறெங்கோ போய் ஒட்டும். தேடலிலும் அந்தச் சொல் அகப்படாது.

நிந்தவூர்_மகன்

எண்ணாளன் நானா, பழைய வெட்டுப்புள்ளிகளை வைத்து அடுத்த வருடத்தைக் கணித்துச் சொல்ல ஏலாதா? பிள்ளைகள் கேட்பது அதைத்தானே.

எண்ணாளன்

ஒற்றை எண்ணாகச் சொல்லக் கூடாது, தம்பி. வெட்டுப்புள்ளி இசட் புள்ளியில்தான் வரும். இசட் புள்ளி என்பது அந்த வருடம் அந்தப் பாடத்தில் எழுதிய எல்லாருடைய சராசரியிலிருந்து ஒருவர் எவ்வளவு விலகி நிற்கிறார் என்ற கணக்கு. புள்ளியிலிருந்து சராசரியைக் கழித்து நியம விலகலால் பிரித்து, மூன்று பாடங்களுக்கும் எடுத்துச் சராசரி காண்பது. வெட்டுப்புள்ளி என்பது கடைசியாக அனுமதி கிடைத்தவருடைய புள்ளி. அனுமதி முடிந்த பிறகு தெரியவருவது அது. யாரும் முன்கூட்டி வைக்கும் தகுதிப் புள்ளி இல்லை. இடங்கள் கூடினாலோ, அந்த மாவட்டத்தில் விருப்பங்கள் மாறினாலோ அது நகரும். கடைசி நான்கைந்து வருட எண்களையும் வரிசையாகக் காட்டி, மேலெல்லையும் கீழெல்லையும் தெரிய விட்டால் போதும். பிள்ளையின் புள்ளி அந்த இடைவெளிக்குள் விழுந்தால் "விண்ணப்பத்தில் போடு, ஆனால் வேறு வாசலையும் பார்" என்று சொல்லலாம்.

மாவட்டம் எது என்பதிலும் கவனம் வேண்டும். பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட அடிப்படை, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அந்த 16 மாவட்டங்களில் மட்டக்களப்பும் அம்பாறையும் இருக்கின்றன. ஆனால் உங்கள் மாவட்டத்தைத் தீர்மானிப்பது படித்த பாடசாலை, வீட்டு முகவரி இல்லை. கல்லாறு, துறைநீலாவணைப் பிள்ளை கல்முனையில் படித்தால் அம்பாறைக் கணக்கு. செயலி "நீங்கள் எந்த ஊர்?" என்று கேட்டு மாவட்டத்தை நிரப்பினால் அந்த எல்லையில் இருக்கிறவர்களுக்கெல்லாம் பிழையான வெட்டுப்புள்ளியைக் காட்டும். "எந்தப் பாடசாலையில், எந்த வருடத்திலிருந்து?" என்று கேளுங்கள். இடையில் மாவட்டம் மாறினவர்களைக் கைநூலில் உள்ள விதிக்கு அனுப்புங்கள்.

அளவுகோல்

சோதனையை முழுக்கத் தள்ள வேண்டாம், ஆனால் அப்படியே இறக்கிவைக்கவும் வேண்டாம். 60 கேள்வி என்றதால் ஓநெட் (அமெரிக்கத் தொழில் தரவுத்தளம்) ஆர்வச் சோதனையின் குறுவடிவத்தைத்தான் எடுத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். உளவியலாளர் ஜோன் ஹோலண்ட் பிரித்த ஆறு ஆர்வ வகை, வகைக்கு 10 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிலைப் பதில், வகை ஒன்றுக்கு 0 முதல் 40 வரை புள்ளி. அதன் முதல் கேள்வி சமையலறை அலுமாரி செய்வது. இன்னொன்று பங்குகளும் பிணைமுறிகளும் வாங்கி விற்பது. வெல்லாவெளியில் தரம் 11 படிக்கும் பிள்ளை இரண்டையும் கண்டிருக்காது. காணாத வேலைக்கு "பிடிக்காது" என்றோ "நடுவில்" என்றோ போடும். அந்தப் புள்ளிகள் ஆர்வத்தைச் சொல்வதில்லை.

மாற்றும்போது வகையைக் காப்பாற்ற வேண்டும். பங்கு வாங்கி விற்பதற்குப் பதில் "அறுவடைக் காலத்தில் நெல்லைக் கொள்வனவு செய்து ஆலைக்கு விற்பது" என்று போட்டால் அது தொழில்முயற்சி வகையாகவே நிற்கும். "வயலில் நெல் அறுப்பது" என்று போட்டால் செய்முறை (கையால் செய்யும் வேலை) வகைக்குப் போய்விடும். மாற்றிய கேள்வி தன் வகையின் மற்ற ஒன்பது கேள்விகளோடு சேர்ந்து அசைகிறதா என்று பார்க்க வேண்டும். கேள்விக்கு 5 முதல் 10 பேர் என்ற பொதுக் கணக்கில் 300 பேராவது தேவை. ஏதாவது ஒரு வகையின் உள்ளிணக்கக் குணகம் (அதன் கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற அளவு) 0.7க்குக் கீழே போனால் அந்த வகையைத் திரும்ப எழுதுங்கள். மூன்று கிழமை கழித்து ஒரு பகுதிப் பேருக்குத் திரும்பக் கொடுத்து ஒவ்வொருவருக்கும் ஆகக் கூடிய புள்ளி வந்த இரண்டு வகையும் மாறாமல் நிற்கிறதா பாருங்கள். உரிமத்தையும் வாசியுங்கள், தொழில் தரவுத்தளத்துக்கும் சோதனைக் கருவிக்கும் நிபந்தனைகள் வெவ்வேறு.

இன்னொரு சிக்கல் எல்லாவற்றுக்கும் "மிகவும் பிடிக்கும்" போடுவது. வகுப்பறையில் டீச்சர் நிற்கும்போது கட்டாயம் நடக்கும். ஆறு வகையும் 34, 35 என்று வந்தால் அதில் முதலாவது எது என்று சொல்வதில் பொருளில்லை. ஒவ்வொருவருடைய சொந்தச் சராசரியைக் கழித்துப் பாருங்கள். ஆகக் கூடியதுக்கும் குறைந்ததுக்கும் இடையில் 6 புள்ளிகூட இல்லாவிட்டால் முடிவைக் காட்டாமல், "இந்த இரண்டில் எதைச் செய்வாய்?" என்று சோடி சோடியாகக் கேட்கும் பகுதிக்கு அனுப்புங்கள்.

பெண்பிள்ளைகளுக்குச் செய்முறை வகை குறைவாகவே வரும். செய்து பார்க்க விடாததால் வருகிற குறைவு அது. ஆகவே சோதனை முடிவை வைத்து எந்தத் தொழிலையும் மறைக்காதீர்கள். வரிசையை மாற்றலாம், பட்டியலிலிருந்து எடுக்கக் கூடாது. முடிவுப் பக்கத்தில் இது ஆர்வத்தை மட்டும் காட்டுகிறது, திறமையை அளக்கவில்லை என்று பெரிய எழுத்தில் இருக்க வேண்டும்.

நிந்தவூர்_மகன்

அளவுகோல் சேர் சொல்ற காணாத வேலைப் பிரச்சினைக்கு, சோதனைக்கு முதலே வேலையைக் காட்ட வேண்டும் எண்டுதான் நான் சொல்வேன். இணையத்தில் இருக்கிற தொழில் விபரத்தைத் தமிழாக்கிப் போட்டால் எல்லா அட்டையும் ஒரே மாதிரி இருக்கும்: "சவால் நிறைந்த துறை, நல்ல எதிர்காலம்". ஒண்டும் விளங்காது. ஒரு நாள் வேலையை எழுதுங்க.

உதாரணமா வள்ள எஞ்சின் திருத்துறவர். கடலுக்குப் போய் வந்த எஞ்சினை நல்ல தண்ணியால கழுவி ஓட்ட வேணும், இல்லாட்டி உப்பு உள்ளுக்கு இறுகிப் போகும். ஓடிக்கிட்டிருக்கும்போது பக்கத்தால மெல்லிய தண்ணித் தாரை பாயுதா எண்டு பார்க்கிறது முதல் சோதனை. பாயாட்டி தண்ணிப் பம்பின் இறப்பர் இம்பெல்லர் தேய்ஞ்சிருக்கும், இல்லாட்டி வழி அடைச்சிருக்கும்; அப்படியே ஓட்டினா எஞ்சின் சூடேறிச் சிக்கும். பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெய்க்கு மாத்துற எஞ்சினில் பிளக்கில் கரி பிடிக்கிறது இன்னொரு வேலை. கை முழுக்க எண்ணெய், வெயில், சீசனில் விடியக் காலையிலேயே ஆள் வந்து நிப்பாங்க. இதை வாசிச்ச பிள்ளைக்குத் தனக்குச் சரிவருமா எண்டு தானே தெரியும்.

அதே அட்டையில் கீழே: என்விகியூ எந்த மட்டம், எங்க படிக்கலாம், கிட்டத்தில் யாரிடம் ஒரு நாள் போய்ப் பார்க்கலாம். மருதமுனை நெசவு, சம்மாந்துறை அரிசி ஆலை, பாசிக்குடா, அறுகம்பே ஹோட்டல் வேலை, எல்லாத்துக்கும் இப்படி எழுதலாம். முதலில் 40 அட்டை போதும், ஆனா நாப்பதும் அந்த வேலை செய்யிற ஒருவர் வாசிச்சுச் சரி எண்டு சொன்னதா இருக்க வேணும். வாப்பாவோட வேலை செய்து பழகின பிள்ளைகளுக்கு இன்னொரு விசயமும் போடுங்க: முன்அனுபவத்தை மதிப்பிட்டு என்விகியூ சான்றிதழ் எடுக்கலாம், வகுப்புக்கே போகத் தேவையில்லை. கட்டாருக்கோ துபாய்க்கோ போக இருக்கிறவருக்கு அந்தச் சான்றிதழ் கையில் இருக்கிறது பெரிய வித்தியாசம்.

படுவான்_நிரலாளர்

சிக்னல் பற்றி. பிளேஸ்டோர் செயலியாகச் செய்யாமல் உலாவியில் திறந்து முகப்பில் பதியும் வடிவில் செய்யுங்கள். முதல் தரம் திறக்கும்போது இரண்டு மாவட்டத்துக்கான தரவு முழுவதும் போனில் இறங்கிவிட வேண்டும். எழுத்துத் தரவு மட்டும் என்றால் சுருக்கினால் சில நூறு கிலோபைட்தான் வரும். தமிழ் எழுத்துருவை ஏற்ற வேண்டாம், அண்ட்ரோயிட் போனில் ஏற்கெனவே இருக்கிறது. வீடியோக்களைத் தனியே, விரும்பினால் மட்டும் இறக்கும்படி வையுங்கள். பிறகு இணையம் கிடைக்கும்போது மாறின பதிவுகளை மட்டும் எடுக்கட்டும். பாடசாலையில் ஒரு போனில் இறக்கி மற்றப் போன்களுக்குக் கைமாற்றக்கூடிய வழியும் வேண்டும்.

திகதி எச்சரிக்கைக்கு எஸ்எம்எஸ் நல்லது, ஆனால் தமிழில் ஒரு செய்திக்கு 70 இடம்தான். அதைத் தாண்டினால் துண்டுக்கு 67. எழுத்தோடு ஒட்டும் ஒவ்வொரு குறியும் (புள்ளி, கொம்பு, கால்) தனியே ஒரு இடம் பிடிக்கும். "வெட்டுப்புள்ளி" என்று எழுத 7 எழுத்து, ஆனால் 14 இடம். "மட்டக்களப்பு" 12. ஆகவே 70 இடத்துக்குள் நிறுவனம், மூடும் திகதி, ஒரு குறு எண் மட்டும்தான் போகும். முழு விபரம் செயலிக்குள் இருக்கட்டும். இரண்டு துண்டானால் இரட்டைச் செலவு, ஆயிரம் பிள்ளைக்கு அனுப்பும்போது தெரியும்.

போன் பெரும்பாலும் வீட்டுக்கு ஒன்று. அம்மாவோ அண்ணனோ திறந்தால் பிள்ளையின் சோதனை முடிவு தெரியக் கூடாது என்றால் நாலிலக்கக் கடவுச்சொல் வேண்டும். தேசிய அடையாள அட்டை எண், பரீட்சைச் சுட்டெண் எதையும் வாங்காதீர்கள், தேவையே இல்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சிறுவர்களின் தரவைச் சிறப்பு வகையில் வைத்திருக்கிறது. தரம் 10 பிள்ளையிடம் தரவு எடுக்க முன் பெற்றோரின் சம்மதம் எழுத்தில் இருக்கட்டும். பதில்களைப் போனிலேயே வைத்து, ஆய்வுக்குத் தேவையானதைப் பெயரில்லாமல் மட்டும் சேவருக்கு அனுப்புங்கள்.

வழிகாட்டல்_டீச்சர்

காசு பற்றி ஒருவரும் சொல்லவில்லை. சேர்த்து விடும் ஒவ்வொரு பிள்ளைக்கும் கொமிஷன் தருகிறோம் என்று தனியார் நிறுவனங்கள் கட்டாயம் வரும். வாங்காதீர்கள். வாங்கின அன்றிலிருந்து இலவசமான என்விகியூ பயிற்சி பட்டியலில் கீழே போகும், காசு கட்டும் டிப்ளோமா மேலே வரும். பாடசாலைக்குள் விட்ட அதிபருக்கும் அது நாங்கள் செய்யும் துரோகம்.

தனியார் நிறுவனத்தைப் பட்டியலில் சேர்க்க இரண்டு சோதனை வையுங்கள். தொழிற்பயிற்சி என்றால் மூன்றாம்நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழுவில் நிறுவனம் பதிந்திருப்பது ஒன்று, அந்தப் பாடநெறி அங்கீகாரம் பெற்றிருப்பது வேறொன்று. பதிவு இலக்கத்தை மட்டும் பெரிதாகப் போட்டு, அங்கீகாரம் இல்லாத பாடநெறியை நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அங்கே படித்தால் என்விகியூ கிடைக்காது. பட்டம் என்றால் பல்கலைக்கழகச் சட்டத்தின் 25ஏ பிரிவின் கீழ் அனுமதி இருக்கிறதா, எந்தப் பட்டத்துக்கு என்று பார்க்க வேண்டும்.

ஆள்பலத்துக்குப் பிரதேச செயலகத்தை விட்டுவிடாதீர்கள். மனிதவலு, வேலைவாய்ப்புத் திணைக்களத்தின் மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தர் அங்கே இருக்கிறார். தொழில் வழிகாட்டல் அவருடைய வேலையே. தரவைச் சரிபார்க்க அவருக்கு ஒரு உள்நுழைவு கொடுத்தால் உங்களுக்கும் லாபம், அவருக்கும் கையில் ஒரு கருவி. செலவுக்குப் பழைய மாணவர் சங்கங்களிடம் பாடசாலைக்கு இவ்வளவு என்று வருடக் கணக்கில் கேட்கலாம். திட்ட நிதியை நம்பித் தொடங்கினால், நிதி முடிந்த வருடம் திகதிகளைப் புதுப்பிக்க ஆள் இருக்காது. பழைய திகதியோடு செயலி மட்டும் பிள்ளைகளின் போனில் கிடக்கும்.

வாவிக்கரை

டீச்சர், எல்லாருக்கும் நன்றி. சோதனையைப் பின்னால் தள்ளி, வாசல் பதிவுகளையும் 40 அட்டைகளையும் முதலில் செய்கிறோம். ஒரு கேள்வி: கலைப் பிரிவில் சங்கீதம், நடனம், சித்திரம் எடுத்த பிள்ளைகளுக்குக் கல்லடியில் விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. அதையும் வெட்டுப்புள்ளி அட்டவணையிலிருந்தே காட்டினால் போதுமா?

எண்ணாளன்

போதாது. அங்கே உள்ள பாடநெறிகளுக்கு உளச்சார்புப் பரீட்சை (அந்தத் துறைக்கான திறமையைப் பார்க்கும் தனிப் பரீட்சை) உண்டு. மானியங்கள் ஆணைக்குழுவின் விண்ணப்பத்தில் குறியீட்டைப் போடுவதோடு, பல்கலைக்கழகம் தன் அறிவித்தலில் கேட்கும் விண்ணப்பத்தையும் தனியே அனுப்பிப் பரீட்சைக்குத் தோற்றிச் சித்தியடைய வேண்டும். ஒன்றைச் செய்து மற்றதை விட்டால் இசட் புள்ளி எவ்வளவு இருந்தாலும் அந்தப் பாடநெறிக்குப் பெயர் வராது. கட்டடக்கலை, வடிவமைப்பு போன்றவற்றுக்கும் இதே நிலை. எவற்றுக்குப் பரீட்சை உண்டு என்று கைநூலில் அந்தந்தப் பாடநெறியின் கீழ் இருக்கும்.

ஆகவே வாசல் பதிவில் "சமர்ப்பிக்க வேண்டிய விண்ணப்பங்கள்" என்று ஒன்றுக்கு மேல் வைக்கக்கூடிய புலம் ஒன்றைச் சேருங்கள். ஒவ்வொன்றுக்கும் தனித் திகதி, தனி எச்சரிக்கை. பிள்ளை இரண்டையும் "அனுப்பிவிட்டேன்" என்று குறித்தால்தான் அந்த வாசல் பச்சையாக வேண்டும். ஒன்று மட்டும் குறித்திருந்தால், மற்றதன் கடைசித் திகதிக்குப் பத்து நாள் முன்னும் மூன்று நாள் முன்னும் எஸ்எம்எஸ் போகட்டும்.